தோழிக்கு என்ன வேண்டும்?

"சரி, நான் போய் அவர்கிட்ட என்னன்னு சொல்லட்டும்?"

"நீயே ஏதாவது சொல்லுக்கா."

"ஏதாவதுன்னா? கல்யாணம் பண்ணிக்கிற உத்தேசம் உண்டா, இல்ல பஸ் ஸ்டாப்லயே குடித்தனம் பண்ணப் போறீங்களான்னு கேட்கவா?"

"அய்யோ, அக்கா!"

"அக்கா அக்கான்னா ஆச்சா? வாயைத் திறடி. நீ சொல்றதை அப்படியே போய்ச் சொல்றேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால், லிப்ட் ஓடாத ஒரு சாயங்காலம், அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடிப் படிக்கட்டில் நடந்த பேச்சு இது. தங்கை அன்று வாயைத் திறந்து மூன்றே வார்த்தைகள் சொன்னாள். "இனிமே காத்திருக்க முடியாது." அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். அரைமணி நேரத்தில் திரும்பி வந்து, "வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வர்றாராம். போய் மூஞ்சியைக் கழுவு" என்றாள். அங்கே என்ன நடந்தது என்று தங்கை எத்தனை முறை கேட்டும், "நீ சொன்னதைச் சொன்னேன்" என்பதற்கு மேல் ஒரு சொல் பெயரவில்லை.

அந்தத் தங்கை இன்று நாவலாசிரியை. ஒன்பது குடும்ப நாவல்கள் எழுதியிருக்கிறாள். நூலகத்தில் அவள் புத்தகத்தைக் கேட்கிறவர்கள், "நடுவுல அழவச்சு, கடைசியில சேர்த்துவைப்பாங்களே, அவங்க எழுதினது" என்று கேட்பார்களாம். அதில் அவளுக்கு வருத்தமில்லை. சேர்த்துவைப்பது ஒன்றும் லேசான வேலை இல்லை என்பது சேர்த்துவைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பத்தாவது நாவலுக்கு, கல்லூரியில் படித்த காலத்திலிருந்து மனதில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய காதல் பாட்டுகளை எடுத்துக்கொண்டாள். அந்தப் பாட்டுகளில் யாருக்கும் பெயர் கிடையாது. தலைவி, தலைவன், தோழி, தாய், அவ்வளவுதான். பெயர் இல்லாததால் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளலாம். பத்தொன்பது வயதில் அவளே அப்படித்தான் போய் உட்கார்ந்தாள்.

"கதைதான் ஏற்கெனவே இருக்கே, உனக்கென்ன கஷ்டம்?" என்று நாத்தனார் கேட்டாள். ஊரே அப்படித்தான் நினைக்கிறது. அவளுக்கோ அது பெரியவர்கள் வீட்டில் விருந்தாளியாகத் தங்குவதைப்போல இருந்தது. எந்த நாற்காலியை நகர்த்தலாம், எதைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். நகர்த்திய பிறகு வீட்டிலுள்ளவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். தினைப்புனத்தை எடுத்துவிட்டுத் துணி காயும் மொட்டைமாடியை வைத்தாள், பொருந்தியது. மழைக்காலத்தில் திரும்பி வருவேன் என்று சொல்லிப் போகும் தலைவனை, ஒப்பந்தம் முடிந்ததும் வருவேன் என்று சொல்லவைத்தாள். கொஞ்சம் நொண்டியது, ஆனாலும் நடந்தது. தேர் வரவேண்டிய இடத்தில் பேருந்தை விட்டாள். அங்கேதான் வீட்டில் வம்பு வந்தது. அவள் கணவர் போக்குவரத்துக் கழகத்தில் நேர அட்டவணை போடுகிறவர்.

"தலைவன் ஆறு பத்துக்கு வந்து இறங்குறான்னு எழுதியிருக்கே. ஆறு பத்துக்கு அந்த வண்டியை டிப்போவுல கழுவிட்டிருப்பாங்க."

"கதையில வரும்ங்க."

"கதையிலயும் டிரைவர் டீ குடிக்கணும்ல?"

ஆறு முப்பத்தைந்து என்று திருத்தினாள்.

தோழியை மட்டும் அவள் மாற்றவே இல்லை. தேவைப்படவில்லை. தலைவனை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கிறவள், அம்மாவிடம் கூசாமல் பொய் சொல்கிறவள், தலைவி அழுதால் முதலில் கிண்டல் செய்து பிறகு கண்ணைத் துடைத்துவிடுகிறவள். நாற்காலியைப் போட்டு அக்காவை அதில் உட்காரவைத்தாள். அத்தியாயம் தானாக வந்து விழுந்தது.

அப்படித்தான் நினைத்திருந்தாள், பதிப்பகத்திலிருந்து போன் வரும்வரை.

பதிப்பகத்தில் கையெழுத்துப் பிரதிகளைச் செப்பனிடும் பெண்மணிக்கு அவள் வைத்திருந்த பெயர் சிவப்பு மை. சிவப்பு மை அதிகம் பேசாது. அன்றும் ஒரே கேள்விதான் கேட்டது.

"எல்லாம் சரிங்க மேடம். இந்தத் தோழிக்கு என்ன வேணும்?"

"புரியலையே."

"முந்நூறு பக்கமும் அவதான் பேசுறா. எல்லாமே தலைவிக்காக. தனக்குன்னு அவ ஒண்ணுமே கேட்கலையே? அவளும் தலைவனை ரகசியமா விரும்பினான்னு வச்சிடலாமா? நல்லாப் போகும்."

"அது ஊர்ல எல்லாரும் எழுதுறதுங்க."

"அப்ப எழுதாததை எழுதுங்க. ஒரு மாசம் தர்றேன்."

அன்று மதியம் பழைய பாட்டுகளை மறுபடி எடுத்துவைத்துக்கொண்டு படித்தாள். அவள் கைக்கு அகப்பட்ட பாட்டுகளில் ஒன்றிலாவது தோழி தன் வீட்டைப் பற்றிச் சொல்கிறாளா, தனக்குத் தூக்கம் வரவில்லை என்கிறாளா என்று தேடினாள். இல்லை. தூக்கம் வராததெல்லாம் தலைவிக்குத்தான். முப்பது வருடங்களாகப் படிக்கிறாள், ஒருநாளும் இது கண்ணில் படவில்லை. அந்தப் பெரியவர்கள் வீட்டில் ஒரு அலமாரி பூட்டியே இருந்திருக்கிறது. விருந்தாளி அதன்மேல் ஈரத் துண்டைக் காயப்போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறாள்.

மூன்று வாரங்கள் தோழிக்கு ஆசைகளைத் தைத்துப் பார்த்தாள். கடல் பார்க்க ஆசை என்று எழுதினாள். பாட்டுக் கற்றுக்கொள்ள ஆசை என்று எழுதினாள். தனியாக ஒரு வீடு, பால்கனியில் நான்கு செடிகள். எல்லாம் கடையில் தொங்கும் சட்டையை அளவு பார்க்காமல் மாட்டியதுபோல, தோளில் நிற்காமல் நழுவின. நழுவ நழுவ ஒன்று உறுத்தத் தொடங்கியது. தோழிக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியாமல் இருப்பது பரவாயில்லை. அக்காவுக்கு என்ன வேண்டும் என்றும் தெரியவில்லையே!

நாற்பத்தொன்பது வருடங்கள் கூடவே இருந்தும் தெரியவில்லை.

அவர்கள் இருப்பது வேறு மொழி பேசும் ஊர்; அக்கா அங்கே அரசு மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர். இந்த ஊர் மொழி தெரியாத தமிழ் நோயாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் நடுவில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். அந்த வேலைக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. 'அவருக்கு வலிக்கிறதாம்' என்று சொல்லக்கூடாது. நோயாளி 'எனக்கு வலிக்குது' என்றால் இவளும் 'எனக்கு வலிக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் அவளுக்கு மூட்டு வலி, பத்து மணிக்கு அவள் ஏழு மாதக் கர்ப்பிணி, மதியத்துக்குள் அவளுக்கு எழுபது வயதாகிச் சர்க்கரை ஏறியிருக்கும். ஒரு நாளைக்கு நூறு தடவை 'நான்' என்பாள். அதில் ஒன்றுகூட அவளுடையது கிடையாது.

கல்யாணம் வேண்டாம் என்று விட்டவள். "தியாகம் கியாகம்னு எங்கேயாவது எழுதிவச்சே, பல்லை உடைச்சிடுவேன். வந்தவனுங்க எல்லாம் நான் பேசும்போது கொட்டாவி விட்டானுங்க, அவ்வளவுதான்" என்பாள். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சாப்பிட்டுவிட்டு, மருத்துவமனைக் கதைகளைச் சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டுப் போவாள்.

"அக்காவுக்கு என்னங்க வேணும்?" என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கணவரிடமே கேட்டாள்.

அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார். "அன்னைக்கு என்கிட்ட வந்து பேசினாங்கல்ல, பஸ் ஸ்டாப்ல..."

"நான் சொன்னதைச் சொன்னாங்க. அதானே?"

"சொன்னாங்க. 'இனிமே காத்திருக்க முடியாது'ன்னு, ஏதோ அவங்களே காத்திருந்த மாதிரி சொன்னாங்க. நான் சரின்னதும் பெஞ்சுல உட்கார்ந்து தண்ணி கேட்டாங்க. குடிச்சிட்டு, 'அப்பாடா. நாளைக்கு எனக்குன்னா யார் வந்து நிப்பாங்களோ'ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

"இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லலை?"

"ஜோக்குன்னு நினைச்சேன்மா" என்றார் அவர். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை அக்காவுக்குப் புதுக் கண்ணாடி போட வேண்டியிருந்தது. "சும்மா துணைக்கு வா" என்று கூப்பிட்டிருந்தாள். கண்ணாடிக் கடையின் உள்ளறையில் உயரமான நாற்காலியில் அக்கா. பக்கத்துச் சின்ன நாற்காலியில், மடியில் இரண்டு கைப்பைகளோடு தங்கை. கடைக்காரர் அக்காவின் மூக்கின்மேல் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு எடுத்து, இன்னொன்றைப் போட்டார். இந்த ஊர் மொழியில், முதலாவது தெளிவாக இருக்கிறதா இரண்டாவதா என்று கேட்டார்.

அக்கா தங்கை பக்கம் திரும்பினாள். "முதல் கண்ணாடியா, ரெண்டாவதா? எதுல தெளிவாத் தெரியுது?" என்று நிதானமாகத் தமிழில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள்.

தங்கைக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு சிரிப்பு பீறிட்டது. "அக்கா, நாற்காலியில உட்கார்ந்திருக்கிறது நீ!"

"அட கடவுளே" என்று அக்கா சட்டத்தைக் கையால் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கடைக்காரருக்கு விஷயத்தைச் சொன்னதும் அவரும் சிரித்தார். ஆனால் அவர் மறுபடி அதே கேள்வியைக் கேட்டபோது அக்கா இரண்டு வில்லைகளையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லிப் பார்த்தாள். "ரெண்டும் பரவாயில்லைன்னு சொல்லிடு" என்றாள், தங்கையைப் பார்த்து.

தங்கையின் சிரிப்பு அங்கே நின்றது.

அக்காவின் பழைய சட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கண்ணாடி தயாராக ஒரு மணி நேரமாகும் என்றார்கள். கடைக்கு எதிரே, வெயில் விழாத பக்கமாக, ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. காகிதக் கோப்பையில் டீ வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள்.

"உன் நாவலைப் படிச்சிட்டேன்" என்றாள் அக்கா. "நல்லா இருக்கு. அந்தத் தோழிதான் கொஞ்சம் ஓவராப் பேசுறா."

"அவளுக்கு என்ன வேணும்னு பதிப்பகத்துல கேட்கிறாங்கக்கா."

"அவளுக்கு என்ன வேணும்? அவ வேலை பேசுறது. தனக்குன்னு கேட்க ஆரம்பிச்சா வேலை போயிடும். எங்க ரூல் புக்குலயே இருக்கு."

"சரி, அவளை விடு. உனக்கு என்ன வேணும்?"

"எனக்கா? இந்த டீயில கொஞ்சம் சர்க்கரை."

"விளையாடாதே."

"கதைக்குக் கேட்கிறியா?"

தங்கை கோப்பையைக் கீழே வைத்தாள். கதைக்குத்தான் கேட்கத் தொடங்கினாள் என்பது உண்மை. "ஒரு வாரம் முன்னாடி கேட்டிருந்தா கதைக்குத்தான். இப்ப இல்ல. நீ சொன்னா ஒரு வரி எழுத மாட்டேன். தோழி ஒண்ணும் கேட்காமலே புத்தகம் வரட்டும். சிவப்பு மை கத்தினா கத்தட்டும்."

அக்கா கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு சம்பந்தமே இல்லாததுபோல, "மூச்சுக்காரர் தமிழ் கத்துக்கிட்டார், தெரியுமா?" என்றாள்.

மூச்சுக்காரரைக் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். பார்த்ததில்லை; ஞாயிற்றுக்கிழமைக் கதைகளில் பதினொரு வருடங்களாக வருகிறவர். எக்ஸ்ரே எடுப்பவர், இந்த ஊர்க்காரர், மனைவியை இழந்தவர். நோயாளி இயந்திரத்தின் முன்னால் நிற்க, அவரும் அக்காவும் ஒன்றரை ஆள் நிற்கக்கூடிய ஈயத் தடுப்புக்குப் பின்னால் நிற்பார்கள். அவர் தன் மொழியில் சொல்வார். அக்கா அதைத் தமிழில் சொல்வாள். மூச்சை இழுங்க. பிடிச்சுக்கங்க. அசையாதீங்க. இப்ப விடலாம். ஒவ்வொரு தடவையும் அக்காவும் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்வாளாம். "படம் அவருக்குத்தானே எடுக்கிறோம், நீங்க ஏன் பிடிக்கிறீங்க?" என்று அவர் கேட்டாராம். அந்தக் கதைக்கு மேசையே அதிர்ந்து சிரித்தது. தங்கை அவரை ஏழாவது நாவலில் ஒரு கோமாளிப் பாத்திரமாகவே ஆக்கியிருந்தாள். அக்கா அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று சொல்லி, எழுந்து போய்ப் பாத்திரம் கழுவியது இப்போது ஞாபகம் வந்தது. அன்று கழுவ வேண்டிய பாத்திரம் ஒன்றும் இல்லை.

காதல் கதை எழுதிப் பெயர் வாங்கியவள்! பதினொரு வருடங்கள் காதில் விழுந்ததைச் சிரிப்புக் கதை என்று எடுத்துவைத்திருக்கிறாள்.

"நல்லாப் பேசுறாரா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மூச்சு பத்தினது எல்லாம் சுத்தமா வருது. அதான் இப்ப தமிழ் ஆளுங்க வந்தாலும் அவரே சொல்லிடுறார். என்னை அந்த அறைக்குக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. நாலு மாசம் ஆகுது." அக்கா சிரித்தாள். "நானே சொல்லிக்குடுத்து நானே வேலையை விட்டேன் பாரு. என்னை மாதிரி புத்திசாலி உண்டா?"

"அவர் ஏன் கத்துக்கணும்? நீதான் இருந்தியே."

"அதான் கேட்டேன். சிரிச்சார்." அக்கா கோப்பையைப் பெஞ்சில் வைத்தாள். "கடைசியா அந்த அறையில இருந்த அன்னைக்கு ஒரு வாக்கியம் கேட்டார். 'டீ குடிக்கலாமா, என்கூட வர்றீங்களா'ன்னு தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு."

"நீ என்ன பண்ணே?"

"சொல்லிக்குடுத்தேன்."

"அக்கா!"

"கேளு. 'டீ குடிக்கலாமா, என்கூட வர்றீங்களா.' அவர் திருப்பிச் சொன்னார். உச்சரிப்பு சரியில்லை. 'கூட'ல இன்னும் கொஞ்சம் நீட்டுங்கன்னேன். மறுபடி சொன்னார். மூணு தடவை சொல்லவச்சேன். மூணாவது தடவை ரொம்ப நல்லா வந்துச்சு. 'ஆங், இப்ப சரியா இருக்கு'ன்னு சொல்லிட்டு, வார்டுல கூப்பிட்டாங்கன்னு போயிட்டேன்."

"ஐயோ."

"ரெண்டாவது மாடிப் படிக்கட்டு வந்தப்பறம்தான் உறைச்சுது. அங்கேயே கைப்பிடியைப் பிடிச்சிட்டு நின்னேன். திரும்பிப் போகலாம்னா, போய் என்ன சொல்றது? யாராவது ஏதாவது சொன்னா நான் அதைச் சொல்லுவேன். அங்க யாரும் இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன்."

எதிர்க் கடையின் கண்ணாடிக் கதவு திறந்து மூடியது. கடைக்காரர் எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்ச நேரம் என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போனார். தங்கைக்கு ஆயிரம் சொல்ல வந்தது. அவள் எழுதுகிற தலைவிகள் எல்லாரும் இந்த இடத்தில் அழகாக ஏதாவது சொல்வார்கள். அவளோ அக்காவின் கைப்பையைத் தன் மடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள். நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அதுக்கப்பறம் அவரைப் பார்க்கலையா?"

"அந்தப் பக்கமாத்தான் தினமும் போறேன். கேன்டீனுக்கு அது சுத்து வழி. பார்த்தா தலையாட்டுவார். நான் வேண்டாம்னு சொல்லிட்டதா நினைச்சிருப்பார் பாவம். ரொம்ப மரியாதைக்காரர், மறுபடி கேட்க மாட்டார்." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "ஐம்பத்திரண்டு வயசுல இதெல்லாம் ஒரு கதையா? எழுதினா உன் சிவப்பு மையே அடிச்சிடும்."

"எழுத மாட்டேன்னுதான் சொல்லிட்டேனே."

"ம்."

"நீயே போய்ச் சொல்லேன். ஒரே வாக்கியம்தானே? வர்றேன்னு."

"வராதுடி. ராத்திரி பகலா ஊருக்கெல்லாம் பேசுற வாய்தான். அந்த அறை வாசல்ல போய் நின்னா எனக்குன்னு ஒரு வார்த்தை வரலை. ரெண்டு தடவை நின்னு பார்த்துட்டேன்."

தங்கை அந்தப் பழைய படிக்கட்டை நினைத்துக்கொண்டாள். லிப்ட் ஓடாத சாயங்காலம். அன்று அவளுக்கும் வரவில்லை. வராது என்று தெரிந்து, வரும்வரை ஒருத்தி பக்கத்தில் நின்றாள்.

"வாயைத் திற அக்கா" என்றாள்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடி இல்லாத அவள் முகம் சின்னப் பெண்ணின் முகம்போல இருந்தது. உதடு ஒரு முறை அசைந்து மூடிக்கொண்டது. பெரிதாக ஒரு மூச்சை இழுத்தாள். பிடித்துக்கொண்டாள். தங்கை அசையாமல் இருந்தாள்.

"அவர்கிட்ட..." என்றாள் அக்கா, மூச்சை விட்டு. "எனக்காக ஒரு தடவை நீ போய்ப் பேசுறியா?"